பத்திரம் எங்கே இருக்கு? தாமிரபரணிக் கரை மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான அக்காமாருக்கும் மதினிமாருக்கும் தங்கச்சிகளுக்கும், குழுவை இன்னும் தாங்கிப் பிடித்திருக்கும் ஆச்சிமாருக்கும்,

பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை ஆற்றின் இரு கரையிலும் இருக்கிற மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு எழுதப்படும் மடல் இது. கடன், வட்டி, சுழல்நிதி பற்றியதல்ல. உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் பீரோவின் கீழ்த்தட்டிலும், கட்டிலுக்கு அடியிலுள்ள டிரங்குப் பெட்டியிலும், சாமி படத்துக்குப் பின்னாலும், ஆணியில் தொங்கும் மஞ்சப்பையிலும் கிடக்கிற காகிதங்களைப் பற்றியது. அவற்றை ஒழுங்குபடுத்த நீங்கள்தான் தகுந்த ஆட்கள் என்பதும், அந்த வேலையை இந்த ஐப்பசிக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பதும் இம்மடலின் வேண்டுகோள்.

ஐப்பசி என்று சொல்லக் காரணம் இருக்கிறது: அப்போது மழைக்காலம் தொடங்கிவிடும். 2023 டிசம்பர் 17, மார்கழி பிறந்த நாள். அன்று தொடங்கிய மழையில் 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுபோக, நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். திருநெல்வேலியில் சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் என்று ஆற்றை ஒட்டிய பகுதிகள் எல்லாம் தண்ணீருக்குள். கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள், அதற்குப் பிறகு இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார்கள்.

தண்ணீர் வடிந்ததும் கரையோர வீடுகளின் மொட்டை மாடியில் என்னென்ன காய்ந்தன என்பது உங்களுக்கே தெரியும். பாய், தலையணை, பிள்ளைகளின் பாடப்புத்தகம். அவற்றுக்கு நடுவே, நான்கு மூலையிலும் கல்லை வைத்து, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். மை கரைந்த வங்கிப் பாஸ்புக். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட முத்திரைத்தாள்கள். பாதிக்கப்பட்ட வட்டங்களுக்கு அரசு அறிவித்த 6000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. குடும்ப அட்டையைத் தேடிச் சேற்றைத் துழாவிய வீடுகளும் இருந்தன.

பாத்திரம் போனால் வாங்கிக்கொள்ளலாம். காகிதம் போனால் திரும்பப் பெறலாம்தான். ஆனால் அதற்கான அலைச்சல் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. கிராம நிர்வாக அலுவலர், தாலுகா அலுவலகம், பள்ளிக்கூடம், இ-சேவை மையம், வங்கி என்று நடப்பது அவள்தான். அந்த நாட்களில் பீடி சுற்றவும் முடியாது, வயல் வேலைக்குப் போகவும் முடியாது.

வெள்ளம் வராத வருஷத்திலும் காகிதம் தேடும் நாள் வரத்தான் செய்கிறது. வீட்டுக்காரர் திடீரென்று இறந்துபோன வீட்டை நினைத்துப் பாருங்கள். பதினாறாம் நாள் விசேஷம் முடிவதற்குள், அவர் எந்த வங்கியில் கணக்கு வைத்திருந்தார், எல்ஐசி பாலிசி இருந்ததா, நகை எங்கே அடகில் இருக்கிறது, வீட்டுப் பத்திரம் யாரிடம் என்ற கேள்விகள் வரிசையாக எழும். எல்லாம் அவர் மனசில் இருந்தன. இப்போது யார் மனசிலும் இல்லை. 10 ஆண்டுகள் யாரும் தொடாத வங்கி வைப்புகள் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடுகின்றன. அவற்றைத் தேடிப் பார்க்க 2023இல் ‘உத்கம்’ என்றொரு இணையதளமே தொடங்க வேண்டியிருந்தது என்றால், பாஸ்புக் இருக்கும் இடம் தெரியாத வீடுகள் நாட்டில் எத்தனை இருக்கும் என்று யோசியுங்கள்.

சரி, இதை ஏன் குழுக்களுக்கு எழுத வேண்டும்? தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் தர்மபுரியில் தொடங்கின. அன்றிலிருந்து கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டவற்றில் கணக்கு எழுதுவது முக்கியமானது. தீர்மானப் புத்தகம், பொதுப் பேரேடு, உறுப்பினர் பாஸ்புக், வருகைப் பதிவேடு எல்லாவற்றையும் பல ஆண்டுகளாகச் சிதறாமல் வைத்திருக்கிறீர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் யார் எவ்வளவு கடன் வாங்கினார் என்று வங்கி மேலாளர் கேட்டால், பக்கத்தைப் புரட்டிக் காட்டிவிடுகிறீர்கள். குழுவுக்குச் செய்வதை வீட்டுக்கும் செய்யுங்கள் என்பதுதான் இங்கே கேட்கப்படுவது.

ஏடுகளைச் சிதறாமல் அடுக்கி வைப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிய பழக்கமும் அல்ல. உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இல் பதிப்பிப்பதற்கு முன், ஏடு தேடி இந்தப் பக்கம் வந்தார். திருநெல்வேலியில் ஈசுவரமூர்த்திக் கவிராயர் வீட்டுக்குப் போனதைத் தம் ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். அந்த வீட்டில் சுவடிகள் அடுக்கடுக்காக இருந்தன. கட்டியிருந்த விதமே திருத்தமாக இருந்தது. தூசி இல்லை, பூச்சி இல்லை, ஒரு நூலின் ஏடு இன்னொன்றோடு கலக்கவும் இல்லை. பழைய தமிழ்ச் சங்கத்திலேயே இப்படித்தான் வைத்திருந்தார்களோ என்று அவருக்குத் தோன்றும் அளவுக்கு இருந்தது அந்த ஒழுங்கு. அதே புத்தகத்தில், அதே திருநெல்வேலியில், இன்னொரு வீட்டின் கதையும் வருகிறது. ஒரு வழக்கறிஞர் வீட்டில் வண்டிக்கணக்கில் கிடந்த ஏடுகள் செல்லரித்து ஒடிந்து இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. பெரியவர்கள் சொன்ன யோசனைப்படி, ஓர் ஆடிப் பதினெட்டில் அவற்றை வாய்க்காலில் விட்டுவிட்டார்களாம். அவற்றில் என்னென்ன நூல்கள் இருந்தன என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

ஒரே ஊர், ஒரே காலம், ஒரே பனையோலை. கவிராயர் வீட்டில் ஏடு பிழைத்தது பரம்பரை பரம்பரையாக யாரோ தூசி தட்டிக் கட்டி வைத்ததால். வழக்கறிஞர் வீட்டில் அழிந்தது யாரும் பிரித்துப் பார்க்காததால். குவிந்து கிடக்கிற காகிதம் கடைசியில் குப்பையாகத்தான் கண்ணுக்குத் தெரியும். அப்புறம் ஒருநாள் மொத்தமாகப் போகும். உங்கள் வீட்டு மஞ்சப்பைக்கும் அந்த ஆபத்து இருக்கிறது. பொங்கலுக்கு வீடு ஒதுங்க வைக்கும்போது, போகி நெருப்பில், பழைய பேப்பர்காரரின் தராசில் என்று எத்தனை வீட்டின் தாய்ப்பத்திரம் இப்படிப் போயிருக்கிறது என்று கூட்டத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

முந்தைய தலைமுறை வீடுகளில் ஒரு கம்பி தொங்கும். அடியில் வட்டமான மரக்கட்டை, மேலே வளைந்த கொக்கி. வந்த கடுதாசி, கரண்ட் பில், வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் அதில் குத்திவிடுவார்கள். தேதி வரிசை தானாகவே அமைந்துவிடும் என்பது அதன் நல்ல குணம். அடியில் இருப்பதை எடுக்க மேலே உள்ளதை எல்லாம் கழற்ற வேண்டும் என்பதும், கம்பி துருப்பிடித்துக் காகிதத்தின் நடுவே பழுப்பு ஓட்டை விழும் என்பதும் குறை. அன்றாட ரசீதுக்கு அது போதும். பத்திரத்துக்கும் பிறப்புச் சான்றுக்கும் போதாது. பிறகு வந்தது பிளாஸ்டிக் ஃபைல். கடையில் பத்து உறை கொண்டதாக வாங்கி, முதல் உறையில் ஆதார்கள், இரண்டாவதில் ரேஷன் கார்டு, மூன்றாவதில் சான்றிதழ்கள் என்று வகைவாரியாகப் போட்டு வைப்பது இன்று பல வீடுகளில் வழக்கம்.

வகைவாரி அடுக்குவது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வீட்டுக்கு அது சரிப்பட்டு வராது. தேவை வகையாக வருவதில்லை, ஆளாக வருகிறது. மூத்தவளைக் கல்லூரியில் சேர்க்கப் போகிறோம். மாமியாருக்கு முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போடுகிறோம். வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். ஒவ்வொரு முறையும் ஒரே ஆளின் காகிதங்கள் எல்லாம் ஒன்றாக வேண்டும். அதனால் ஆளுக்கு ஓர் உறை. வீட்டில் ஐந்து பேர் என்றால் ஐந்து உறை. ஒவ்வொன்றிலும் அந்த ஆளின் பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, மதிப்பெண் பட்டியல், வங்கிப் பாஸ்புக், பிஎஃப் காகிதம், காப்பீட்டுப் பத்திரம். உறையின் மேல் பெயர். அவ்வளவுதான். 2023 அக்டோபர் 1ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றே அடிப்படை ஆவணம் என்று சட்டம் மாறிவிட்டது. கைக்குழந்தைக்கும் தனி உறை போட வேண்டியது அதனால்தான்.

ஆளுக்கு ஓர் உறை போடும்போது இன்னொன்றும் நடக்கும். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒரு பெண்ணின் காகிதங்களை எல்லாம் முதன்முறையாக ஒரே பாயில் பரப்பி வைக்கும்போது, பள்ளிச் சான்றில் ‘பேச்சியம்மாள்’, ஆதாரில் ‘பேச்சியம்மா’, பாஸ்புக்கில் ‘பேச்சி’ என்று இருப்பது கண்ணில் படும். ஒன்றில் அப்பா பெயரின் முதலெழுத்து, இன்னொன்றில் வீட்டுக்காரர் பெயரின் முதலெழுத்து. பிறந்த தேதி ஒன்றில் ஜூன் 1, மற்றதில் வெறும் வருஷம் மட்டும். ஆதார்கள் ஓர் இடத்திலும் பாஸ்புக்குகள் வேறோர் இடத்திலும் இருக்கும்வரை இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படாது. பணம் வரவேண்டிய நாளில், கவுன்ட்டரில் காகிதத்தைத் திருப்பித் தரும்போதுதான் தெரியும்.

முக்கூடல், மேலப்பாளையம், பொட்டல்புதூர்ப் பக்கத்துப் பீடிக்காரப் பெண்களுக்கு இதன் வலி தெரியும். தலைமுறையாகப் பீடி சுற்றிய கைக்கு வருங்கால வைப்பு நிதியும், 1995இல் வந்த ஓய்வூதியத் திட்டத்தில் 10 வருஷ சேவைக்குப் பிறகு ஓய்வூதியமும் உண்டு. ஆனால் இலை வாங்கப் போன காலத்தில் எழுதிக்கொடுத்த பெயரும் இன்றைய ஆதார்ப் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பணம் இழுத்துக்கொண்டே போகும். பெயர்த் திருத்தத்தை 45 வயதில் நிதானமாகச் செய்துவிடலாம். 60 வயதில், முழங்கால் வலியோடு, மகனின் லீவுக்காகக் காத்திருந்து செய்வது கொடுமை. எனவே உறை போடும் அன்றே பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி ஆகிய மூன்றையும் எல்லாக் காகிதத்திலும் ஒப்பிட்டுப் பார்த்து, மாறுபடுவதைத் தனித் துண்டில் எழுதி அந்த உறையின் முதுகில் ஒட்டிவிடுங்கள்.

ஆளுக்கு உறை போட்ட பிறகு மிஞ்சுவது சொத்து. அங்கேயும் அதே வழிதான், ஒரு சொத்துக்கு ஓர் உறை. வீடு இருக்கும் இடத்துக்கு ஒன்று, மேலக்காட்டு வயலுக்கு ஒன்று, அம்மா வீட்டு வழியில் வந்த பங்குக்கு ஒன்று. கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம், பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, கடைசியாகக் கட்டிய வரி ரசீது ஆகியவை ஒன்றாக இருக்க வேண்டும். பாகப்பிரிவினை வாய்மொழியாக நடந்திருந்தால் அதையும் ஒரு தாளில் எழுதி, யார் யார் இருந்தார்கள், எந்த நாள் என்று குறித்து வையுங்கள். அது பத்திரம் ஆகாது. ஆனாலும் பிள்ளைகளுக்கு நடந்தது தெரியும்.

ஜப்பானில் நொகுச்சி யுகியோ என்ற பொருளாதார அறிஞர் 1993இல் காகித ஒழுங்கு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அங்கே அது பெரிய அளவில் விற்றது. அவர் முறையில் வகையே கிடையாது. எல்லாக் காகிதமும் ஒரே அளவு உறையில், ஒரே தட்டில், நின்ற வாக்கில். எடுத்துப் பார்த்த உறையைப் பழைய இடத்தில் வைக்காமல் இடது ஓரத்தில் வைக்க வேண்டும். கொஞ்ச நாளில் அடிக்கடி தேவைப்படுவது இடப்பக்கம் கூடிவிடும், தொடாதவை வலப்பக்கம் ஒதுங்கிவிடும். உங்கள் வீட்டு நடப்புக் காகிதங்களுக்கு, அதாவது கரண்ட் பில், கேஸ் புக், பள்ளிக் கட்டண ரசீது, இந்த வருஷத்து டாக்டர் சீட்டு போன்றவற்றுக்கு, இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று: டாக்டர் சீட்டை மட்டும் தேதி வரிசையில் டேக் நூல் போட்டுக் கட்டுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மேலே இருக்கட்டும். அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற கேள்விக்கு நினைவிலிருந்து பதில் சொல்லக் கூடாது.

இதற்கெல்லாம் கடைக்குப் போய்க் காசு செலவழிக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்கு வருகிற கல்யாணப் பத்திரிகைகளின் உறைகள் இருக்கின்றனவே, சிவகாசியில் அடித்த அந்தக் கனத்த உறைகள் சாதாரண கடித உறையைவிடப் பல வருஷம் உழைக்கும். பெரிய அளவு உறையில் முத்திரைத்தாள் மூன்றாக மடிந்து உட்காரும். நாள்காட்டியின் தாள் எல்லாம் கிழித்த பிறகு மிஞ்சும் அட்டையை இரண்டாக வெட்டினால் உறைகளுக்கு இடையே நிறுத்தும் தடுப்பு கிடைக்கும். ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை வாங்கும்போது கொடுத்த அட்டைப்பெட்டியை மூடியைக் கழற்றி நிமிர்த்தி வைத்தால், உறைகள் சாயாமல் நிற்கும். ஸ்டேப்ளர் பின் மட்டும் வேண்டாம். ஆற்றங்கரை ஈரத்தில் அது துருப்பிடித்து, சரியாகச் சர்வே எண் இருக்கிற இடத்தில் கறை போடும். வெள்ளை நூலே போதும்.

இனி இந்த ஏற்பாட்டுக்கு உயிரான ஒன்று: ஒரு நோட்டு. நம் பக்கம் எந்த வீட்டிலும் மொய் நோட்டு தொலைந்ததாகக் கேள்விப்பட்டதுண்டா? இருபது வருஷத்துக்கு முந்தைய காதுகுத்துக்கு வீரவநல்லூர்ச் சித்தப்பா எவ்வளவு செய்தார் என்பதை இரண்டு நிமிஷத்தில் எடுத்துச் சொல்லிவிடுவார்கள். அந்த நோட்டுக்கு வீட்டில் நிரந்தரமான இடம் உண்டு, எல்லாருக்கும் அந்த இடம் தெரியும், ஒவ்வொரு விசேஷத்துக்கும் அதைத் திறந்து பார்க்கிறார்கள். காகித நோட்டும் அதேபோல் இருக்கட்டும். ஒரு வரிக்கு ஒரு காகிதம்: என்ன ஆவணம், யாருடையது, எண், தேதி, எந்த உறை, அசலா நகலா. கடைசிக் கட்டம்தான் முக்கியம்: ‘எடுத்தவர்’. பத்திரம் கடனுக்காக வங்கியில் இருந்தால் எந்த வங்கி, எந்தத் தேதி. சான்றிதழ் மகனின் கல்லூரியில் இருந்தால் அதையும். நகை அடகு ரசீது மதினி கையில் இருந்தால் அதையும். வீட்டுக் காகிதங்கள் பெரும்பாலும் இப்படி வெளியே போய்த் திரும்பாமல்தான் தொலைகின்றன.

அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் உறவுக்காரர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். தென்காசி அக்காவோ, கோயம்புத்தூர்த் தம்பியோ. உங்கள் வீட்டில் தண்ணீர் ஏறும் நாளில் பெரும்பாலும் அவர்கள் வீட்டில் ஏறாது. நோட்டில் ஆதார் எண்ணை முழுதாகவோ, ஏடிஎம் ரகசிய எண்ணையோ எழுதாதீர்கள். கடைசி நான்கு இலக்கம் போதும்.

எதைத் தூக்கிப் போடுவது என்பதில்தான் எல்லாரும் தயங்குகிறார்கள். ஏடிஎம் சீட்டு, பழைய ரீசார்ஜ் ரசீது, வீட்டை விட்டுப் போய்விட்ட மிக்ஸியின் உத்தரவாத அட்டை எல்லாம் போகலாம். எட்டுப் பத்தாகக் குவிந்திருக்கும் ஆதார் ஜெராக்ஸில் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைப் போடலாம். ஆனால் முழுத் தாளாக எடைக்குப் போடாமல் கிழித்துப் போடுங்கள். மெஷினில் வரும் வழவழப்பான ரசீது சில மாதத்தில் வெளிறி வெள்ளைத் தாளாகிவிடும். நகைக்கும் பெரிய சாமான்களுக்கும் வாங்கிய அப்படிப்பட்ட பில்லை அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிட வேண்டும். பத்திரம், பட்டா, சான்றிதழ், பிறப்பு, இறப்பு, வாரிசுச் சான்று, பிஎஃப் காகிதம், தீர்ந்துபோன கடனுக்கு வங்கி கொடுத்த ‘பாக்கி இல்லை’ கடிதம் ஆகியவற்றை எந்தக் காலத்திலும் போடக் கூடாது. கடைசியில் சொன்னதைப் பலர் போட்டுவிட்டு அவதிப்படுகிறார்கள்.

கடிதங்களுக்கு ஒரு தனி வார்த்தை. இன்லேண்ட் லெட்டரும் போஸ்ட் கார்டும் எந்த அலுவலகத்திலும் உதவாது. அதனாலேயே முதலில் அவைதான் எடைக்குப் போகும். போக விடாதீர்கள். வண்ணார்பேட்டையில் வளர்ந்த எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948இல் இறந்துபோனார். வேலைக்காகப் பிரிந்திருந்த காலத்தில் அவர் தம் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற பெயரில் இன்று புத்தகமாக இருக்கின்றன. வறுமையிலும் வீடு மாறிய போதும் அவை வீட்டில் பத்திரமாக இருந்ததால்தான் அந்த மனிதனின் குடும்பப் பாசத்தைத் தமிழர்கள் படிக்க முடிகிறது. பம்பாயிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் உங்கள் வீட்டுக்கு வந்த கடிதங்களும் ஒரு காலத்தின் சரித்திரம். ஒரு பெட்டி அவற்றுக்காக ஒதுங்கட்டும். பனையோலைப் பெட்டியே போதும், காற்று போகும்.

பூச்சிக்கும் ஈரத்துக்கும் கொஞ்சம் கவனம் வேண்டும். சுவடி வைத்திருந்தவர்கள் நடுவே வசம்பு வைத்தார்கள். இன்றும் அது வேலை செய்யும். அந்துருண்டையும் வைக்கலாம், குழந்தை கைக்கு எட்டாமல். கரையான் சுவரிலிருந்து வருவதால் பெட்டியைச் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை, மாசி, பங்குனி வெயில் காலத்தில், நிழலான திண்ணையில் உறைகளைப் பிரித்துக் காற்றாட வைத்தால் இராமபாணப் பூச்சி தங்காது. அசல் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். உள்ளே ஈரம் இறங்கினால் பிறகு பிரிக்கவே முடியாது. கிழியாமல் மீட்க வழியில்லை.

தண்ணீர்பட்ட காகிதத்தை நேர் வெயிலில் போடுவது வழக்கம். அது தாளை முறுக்கிவிடும், மையையும் வெளுக்கும். ஒட்டிக்கொண்ட தாள்களை ஈரமாக இருக்கும்போது இழுத்துப் பிரிக்கவும் கூடாது. முதலில் சேற்றைச் சுத்தமான தண்ணீரில் மெல்ல அலசி, வெள்ளைத் துணியை அடியிலும் மேலும் வைத்து, ஃபேன் காற்றில் உலர்த்தி, ஈரமான துணியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் இருந்து, பார்க்க நேரம் இல்லாவிட்டால், பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் வைத்துவிடலாம். உறைந்த நிலையில் பூஞ்சை பிடிக்காது, தாளும் மேலும் ஒட்டாது. ஆவணக் காப்பகங்களே கையாளும் வழி இது.

அதைவிட முக்கியம் நனையாமல் பார்த்துக்கொள்வது. கட்டிலுக்கு அடியில் இருக்கும் டிரங்குப் பெட்டிதான் தண்ணீர் முதலில் நுழையும் இடம். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சொத்து உறைகளையும் ஆள் உறைகளையும் போட்டு, நெஞ்சுக்கு மேல் உயரமுள்ள தட்டில், ஒரே கையில் எடுக்கும்படி வையுங்கள். பரணில் போட்டால் ஏணி தேட வேண்டும். நடு ராத்திரியில் தண்ணீர் ஏறும்போது ஏணி தேட நேரம் இருக்காது.

ஃபோனில் படம் எடுத்து வைத்திருக்கிறோம் என்பார்கள் இளைய பிள்ளைகள். நல்லதுதான். ஆனால் ஃபோனும் நனையும், தொலையும், மாறும். படம் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். 2015இல் வந்த டிஜிலாக்கரில் அரசுத் துறை நேரடியாக ஏற்றிக் கொடுக்கும் ஆவணம் சட்டப்படி அசலுக்குச் சமம். நாமே படம் எடுத்து ஏற்றுவது அப்படி அல்ல. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பட்டாவையும் வில்லங்கத்தையும் இணையத்தில் பார்க்க முடிகிற காலம் இது. பார்க்க வேண்டுமானால் சர்வே எண் தெரிய வேண்டும். அது எங்கே எழுதியிருக்கிறது? அந்த நோட்டில்தான்.

ஏற்கெனவே தொலைத்துவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். பதிவான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். பத்திர எண் தெரியாவிட்டால் சர்வே எண்ணை வைத்து வில்லங்கம் போட்டால் எண் வந்துவிடும். அசல் தொலைந்ததற்குக் காவல் நிலையத்தில் புகார், ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற சான்று, நாளிதழில் அறிவிப்பு ஆகியவை பிறகு விற்கவோ அடகு வைக்கவோ போகும்போது கேட்கப்படும். அவற்றை இப்போதே முடித்துவிடுவது நல்லது. 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு அரசு முகாம் போட்டு நகல் சான்றுகளை இலவசமாகவே வழங்கியது. அப்படி ஒரு முகாம் நடக்கும் நாளில், எண்ணும் தேதியும் கையில் வைத்திருப்பவர் வரிசையில் நின்ற அன்றே காரியத்தை முடித்துக்கொண்டு போவார்.

இதை ஆளாளுக்குத் தனியாகச் செய்யச் சொன்னால் நடக்காது. குழுவாகச் செய்தால் நடக்கும். உங்களில் பன்னிரண்டு முதல் இருபது பேர் வரை இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுங்கள்: வாரம் ஒரு வீடு. அந்த வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து உறை போட உதவட்டும், எழுத வரும் பெண் ஒருத்தி நோட்டு எழுதட்டும். காகிதத்தில் இருக்கும் கடன், நகை, வங்கி இருப்பு ஆகியவை வெளியே பேசப்படக் கூடாது என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் யாரும் பெட்டியைத் திறக்க மாட்டார்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகைக்கு விண்ணப்பித்தபோது ஆதார், குடும்ப அட்டை, பாஸ்புக், மின் கட்டண அட்டை என்று நான்கையும் தேடி வீடு வீடாக ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டீர்கள். அந்த ஒத்தாசை இப்போதும் வேண்டும்.

எந்த வீட்டில் தொடங்குவது என்று கேட்பீர்கள். தலைவி வீட்டில் வேண்டாம். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஆச்சி வீட்டில் தொடங்குங்கள். பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருப்பார்கள். முதியோர் உதவித்தொகைக் காகிதம் ஓரிடத்தில், தாத்தாவின் இறப்புச் சான்று ஓரிடத்தில், வீட்டுப் பத்திரம் எங்கேயோ. ஆச்சிக்குக் கண் சரியாகத் தெரியாவிட்டால் உறையின் மேல் பெயருக்குப் பதிலாக வெவ்வேறு வண்ணத் துணித்துண்டை ஒட்டுங்கள், சிவப்பு வீட்டுக்கு, பச்சை ஆஸ்பத்திரிக்கு, மஞ்சள் வங்கிக்கு. நோட்டின் ஜெராக்ஸை வெளியூர்ப் பிள்ளைக்குத் தபாலில் அனுப்பிவிட்டு, அனுப்பிய தேதியையும் அதில் குறித்து வையுங்கள்.

அன்புடன்,
ஆற்றங்கரை ஊர்க்காரர் ஒருவர்